டென்மார்க்கின் ஏப்ளஸ்கீவர்: உருண்டையாக வரவழைப்பது எப்படி

டிசம்பர் பிறந்துவிட்டால் டென்மார்க்கின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் ஏப்ளஸ்கீவர் சுடும் வாசனை வராத தெரு குறைவு. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள். வெளியே பொன்னிறத் தோல், உள்ளே பஞ்சு மாதிரி மாவு, அதில் ஏலக்காய் வாசம். காகிதத் தட்டில் பெரும்பாலும் மூன்று வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி ஜாமும் ஒரு குவியல் பொடித்த சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். குடிக்க, திராட்சையும் பாதாமும் மிதக்கும் க்ளொக் என்ற சூடான மசாலா ஒயின். மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் கோபன்ஹேகன் டிசம்பரில் இந்தத் தட்டுக்கு உள்ள மதிப்பு தனி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருபவர்களுக்கும் இதைத்தான் சூடாக எடுத்து வைப்பார்கள்.

இன்று டென்மார்க்கிலேயே பல வீடுகளில் உறைய வைத்த பாக்கெட்டை வாங்கி அடுப்பில் சுடவைத்துத்தான் பரிமாறுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த உருண்டைக்கும் பாக்கெட் உருண்டைக்கும் உறவு தூரத்து உறவுதான். வீட்டில் செய்வது கடினமும் இல்லை. மாவு, முட்டை, மோர், வெண்ணெய் எல்லாம் எங்கும் கிடைப்பவை. மாவு கலக்குவது சின்ன வேலை. ஏப்ளஸ்கீவர் உருண்டையாக வருமா, தட்டையாக வருமா, நடுவில் பச்சையாக நிற்குமா என்பதைத் தீயும் திருப்பும் கையும்தான் முடிவு செய்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்குத்தான் அதிக இடம்.

குழிப்பணியாரம் சுட்டுப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சட்டி கிட்டத்தட்ட அதேதான், ஆகவே பாதி வேலை தெரிந்த வேலை. ஆனால் பணியாரத்தை ஒரே தள்ளாகத் தலைகீழாகப் புரட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தை இங்கே மறக்க வேண்டும். ஒரே புரட்டில் வருவது பணியார வடிவம்தான். முழு உருண்டைக்குக் கால் கால் திருப்பமாகப் போக வேண்டும்.

சட்டி

டென்மார்க்கில் இதற்கென்றே உள்ள சட்டியில் பெரும்பாலும் ஏழு குழிகள் இருக்கும்: சுற்றிலும் ஆறு, நடுவில் ஒன்று. பழைய வீடுகளில் இருப்பது வார்ப்பிரும்பு. அலுமினியத்தில் நான்ஸ்டிக் பூசியதும் கிடைக்கிறது. வார்ப்பிரும்பு சூடாக நேரம் எடுக்கும். சூடேறிவிட்டால் சீராக நிற்கும். இந்தப் பலகாரத்துக்கு அந்த நிதானம்தான் வேண்டும் என்பதால் என் ஓட்டு வார்ப்பிரும்புக்கே.

நம் பணியாரச் சட்டியிலும் செய்யலாம், நன்றாகவே வரும். பெரும்பாலான பணியாரச் சட்டிகளில் குழி சிறியது, ஆழமும் சற்றுக் குறைவு. அதனால் உருண்டை சிறிதாக வரும், வேகும் நேரமும் குறையும். ஆப்பிள் உள்ளே வைக்க ஆசைப்பட்டால் மட்டும் ஆழமான குழி தேடுங்கள்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பல சட்டிகளில் குழிகள் அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். காஸ் அடுப்புக்கு அது பிரச்சினையே இல்லை. கண்ணாடி மேற்பரப்புள்ள மின் அடுப்பிலும் இண்டக்‌ஷனிலும் அப்படிப்பட்ட சட்டி ஒழுங்காகச் சூடேறாது. அவற்றுக்கு அடி தட்டையாக உள்ள சட்டிதான் சரி. இண்டக்‌ஷன் என்றால் அலுமினியச் சட்டியின் அடியில் இரும்புத் தகடு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

புது வார்ப்பிரும்பு என்றால் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தி, மெல்லியதாக எண்ணெய் தடவி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ஒட்டாது.

திருப்புவதற்கு டேனிஷ் பாட்டிகள் வைத்திருப்பது ஸ்வெட்டர் பின்னும் ஊசி. நீளமான மெல்லிய எந்தக் கம்பியும் அந்த வேலையைச் செய்யும். நான்ஸ்டிக் சட்டியில் உலோகம் படக்கூடாது; கபாபுக்கு வைத்திருக்கும் மூங்கில் குச்சி போதும். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று என இரண்டு குச்சி வைத்துக்கொண்டால் பழகாதவர்களுக்கு இன்னும் எளிது.

வேண்டிய பொருட்கள்

டேனிஷ் சட்டியில் 20 முதல் 25 உருண்டை வரை வரும் அளவு இது. பணியாரச் சட்டியில் எண்ணிக்கை இதைவிட நன்றாகவே கூடும்.

மைதா 250 கிராம்
மோர் 400 மில்லி (எப்படிப்பட்ட மோர் என்பது கீழே)
முட்டை 3
உருக்கிய வெண்ணெய் 50 கிராம்
சர்க்கரை 1 மேசைக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
ஆப்ப சோடா முக்கால் தேக்கரண்டி
ஏலக்காய்ப் பொடி 1 தேக்கரண்டி
ஒரு எலுமிச்சையின் துருவிய மேல்தோல்
சட்டிக்குத் தடவ வெண்ணெய் அல்லது நெய்

ஏலக்காய் நம் ஊர்ச் சேர்க்கை இல்லை. டென்மார்க், சுவீடன், நார்வே மூன்றிலும் இனிப்பு ரொட்டி வகைகளில் ஏலக்காய் நெடுநாளாகப் புழங்குகிறது. பாக்கெட் பொடியைவிட, தோலுரித்து அப்போது இடித்த விதைக்கு வாசம் பல மடங்கு.

இப்போது மோர். டென்மார்க் கடையில் கிடைப்பது புளிக்க வைத்த, ஓரளவு கெட்டியான மோர். நாம் தாகத்துக்குக் குடிக்கும் நீர்மோரை ஊற்றினால் மாவு தண்ணீராகிவிடும். கெட்டித் தயிர் 300 கிராமுடன் 100 மில்லி தண்ணீரோ பாலோ சேர்த்துக் கட்டியில்லாமல் கடைந்தால் ஏறக்குறைய அதே பதம் வரும். தயிர் லேசாகப் புளித்திருப்பது நல்லது. அந்தப் புளிப்புதான் ஆப்ப சோடாவோடு சேர்ந்து காற்றுக்குமிழ்களை உண்டாக்குகிறது. புளிப்பே இல்லாத தயிரில் சோடா முழுதாக வேலை செய்யாது; மிஞ்சிய சோடா நாக்கில் சோப்பு மாதிரித் தெரியும். சர்க்கரை இவ்வளவு குறைவா என்று நினைக்க வேண்டாம். இனிப்பு வெளியே ஜாமிலும் சர்க்கரைப் பொடியிலும் இருக்கிறது. மாவில் சர்க்கரை கூடினால் உள்ளே வேகும் முன் வெளியே கறுத்துவிடும்.

எலுமிச்சைத் தோலில் நிறமுள்ள மேல் பகுதியை மட்டும் துருவுங்கள். கீழே உள்ள வெள்ளை கசக்கும்.

முட்டை இல்லாமல் செய்யலாமா என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் வெள்ளைக்கருவை அடித்துச் சேர்ப்பதால் வரும் பஞ்சுத்தன்மை கிடைக்காது. நல்ல இனிப்புப் பணியாரம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

மாவு கலக்குதல்

மூன்று முட்டையையும் உடைத்து மஞ்சள்கருவைத் தனியாக, வெள்ளைக்கருவைத் தனியாக எடுங்கள். வெள்ளைக்கரு விழும் பாத்திரத்தில் துளி எண்ணெயோ மஞ்சள்கருவோ இருக்கக்கூடாது. இருந்தால் நுரை எழும்பாது.

பெரிய பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, உப்பு, ஏலக்காய்ப் பொடியைப் போட்டுக் கலந்து நடுவில் குழி பறியுங்கள். அதில் மஞ்சள்கரு, எலுமிச்சைத் தோல், மோரில் பாதி சேர்த்து நடுவிலிருந்து வெளியே கலக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் கெட்டியாக இருக்கும்போதே கட்டிகளை உடைத்துவிட வேண்டும், அப்புறம் மீதி மோரை ஊற்றினால் வேலை சுலபம். உருக்கி ஆறிய வெண்ணெயைக் கடைசியில் சேருங்கள். நெடுநேரம் அடிக்க வேண்டாம். மைதா ஜவ்வுபோல் இழுபட ஆரம்பித்துவிடும்.

இந்த மாவை அரை மணி நேரம் மூடி வையுங்கள். மைதா ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு ஒரு சுற்றுக் கெட்டியாகும். சோடாவையும் வெள்ளைக்கருவையும் இப்போது சேர்க்கக்கூடாது. சோடா மோரைத் தொட்டதுமே பொங்க ஆரம்பிக்கும். அரை மணி காத்திருந்தால் அந்தக் காற்றில் பெரும்பகுதி போயே போய்விடும். பல செய்முறைகளில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஊறவிடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு அது சூடாகும் நேரத்தில் வெள்ளைக்கருவை அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நுனி நிற்க வேண்டும். வறண்டு திரிதிரியாகும் வரை போக வேண்டாம். ஊறிய மாவில் சோடாவைச் சல்லடையில் சலித்துத் தூவிக் கலக்குங்கள். பிறகு நுரையில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டுச் சாதாரணமாகவே கலந்து மாவை இளக்கிக்கொள்ளுங்கள். மீதியை அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டிச் சேருங்கள். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பரவாயில்லை.

பதம் இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியிலிருந்து நாடாவாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக ஓடினால் ஒரு கைப்பிடி மைதா. கட்டியாகத் தொப்பென்று விழுந்தால் ஒரு சிறு கரண்டி பால்.

தீ

வார்ப்பிரும்புச் சட்டிக்குச் சிறு தீயில் எட்டு பத்து நிமிடமாவது கொடுங்கள். அவசரப்பட்டுப் பெருந்தீயில் வைத்தால் நடுக்குழி கொதித்துக்கொண்டிருக்க, ஓரக்குழிகள் வெதுவெதுப்பாகவே நிற்கும். காஸ் அடுப்பில் நடுக்குழி எப்போதும் முந்திக்கொள்ளும். அதற்கு வழி மூன்று. இருப்பதில் பெரிய பர்னரில் வையுங்கள். ஈட்டுக்கு ஒருமுறை சட்டியைக் கொஞ்சம் சுற்றி வையுங்கள். மாவு ஊற்றும்போது ஓரக்குழிகளில் தொடங்கி நடுக்குழியில் கடைசியாக ஊற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வித்தியாசம் இருந்தால் பழைய தோசைக்கல் ஒன்றை அடியில் வைத்து அதன்மேல் சட்டியை வைக்கலாம். சூடாக இன்னும் நேரம் பிடிக்கும்.

சூடு சரியா என்று பார்க்க ஒரு குழியில் நெய் விட்டு ஒரு சொட்டு மாவு போடுங்கள். சத்தம் உடனே வர வேண்டும். பொன்னிறமாவதற்கு அரை நிமிடமாவது ஆக வேண்டும். பத்து விநாடியில் கறுத்தால் தீயைக் குறைத்துச் சட்டியை இரண்டு நிமிடம் இறக்கி வையுங்கள். சூடான வார்ப்பிரும்பு, அடுப்பைக் குறைத்தவுடன் ஆறாது என்பதை மறக்க வேண்டாம்.

டென்மார்க்கில் குழிக்குக் குழி வெண்ணெய்தான் விடுவார்கள். வாசனைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மூன்று ஈட்டுக்குப் பிறகு அதிலுள்ள பால் பொருள் கருகிக் கறுப்புப் புள்ளிகளாக உருண்டையில் ஒட்டும். நெய்யில் அந்தத் தொல்லை கிடையாது, இந்த விஷயத்தில் நம் சமையலறைக்கே வசதி. வெண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் ஈடுகளுக்கு நடுவில் துணியைச் சுருட்டிக் குச்சியில் கட்டிக் குழிகளைத் துடைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு அரைத் தேக்கரண்டி போதும். இது பொரிக்கும் பண்டம் இல்லை.

திருப்புதல்

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

குழியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி மாவை ஊற்றுங்கள். பொங்கும் என்று பயந்து பாதிக்குழி ஊற்றினால் உருண்டை ஒருநாளும் வராது; முழு உருண்டைக்கு வேண்டிய மாவு அந்த ஒரு குழியிலிருந்துதானே வர வேண்டும்.

ஒரு நிமிடம் தொடாதீர்கள். ஓரத்தில் மாவு இறுகி, மேலே சின்னச் சின்னக் குமிழ்கள் வரும். நடு இன்னும் திரவமாகவே இருக்க வேண்டும். இதுதான் தருணம். முதன்முதலாகச் செய்பவர்கள் மேற்புறமும் வேகட்டும் என்று காத்திருக்கிறார்கள். மேலே வெந்துவிட்டால் வழிந்து வடிவம் பிடிக்க மாவே மிஞ்சாது.

முதலில் ஊற்றிய குழியில் தொடங்குங்கள். மாவுக்கும் குழியின் சுவருக்கும் நடுவே ஊசியை இறக்கி, ஓரத்தை நெம்பி மேலே தூக்குங்கள். அடியில் இருந்த ஓடு செங்குத்தாக நிற்கும் அளவுக்கு, அதாவது கால் சுற்று மட்டும். வேகாத மாவு சாய்ந்து, காலியான இடத்தில் வழிந்து குழியின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போங்கள். ஏழையும் முடித்துத் திரும்பும்போது முதல் குழியின் புதுப்பகுதி இறுகியிருக்கும்.

இரண்டாவது சுற்றில் அதே திசையில் இன்னொரு கால் சுற்று. இப்போது திறந்த வாய் கீழே போய் மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் உள்ளே எட்டிப் பாருங்கள்: பள்ளமாகத் தெரிந்தால் கரண்டி நுனியில் கொஞ்சம் மாவை எடுத்து அதில் விட்டு, பிறகு மூடுங்கள். உருண்டை ஒரு பக்கம் சப்பையாகாமல் இருக்க இது நல்ல உபாயம்.

மூடியபின் உருண்டை குழிக்குள் சுலபமாகச் சுழலும். இனி தீயைச் சற்றுக் குறைத்து, ஊசியால் தட்டித் தட்டி எல்லாப் பக்கமும் சுழற்றிக்கொண்டே இருங்கள். எங்கே வெளுப்பாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் கீழே போகட்டும். ஒரு ஈட்டுக்கு மொத்தம் ஐந்து ஆறு நிமிடம் ஆகும். ஊசியை நடுவில் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக்கூடாது. பணியாரச் சட்டியில் நான்கு நிமிடத்தில்கூட வெந்துவிடும்.

ஊசி ஏறாமல் ஓரம் கிழிகிறது என்றால் ஒன்று நெய் போதவில்லை, அல்லது இன்னும் இறுகவில்லை. பத்து விநாடி பொறுத்து மறுபக்கத்தில் முயன்று பாருங்கள். முதல் ஈடு பார்க்க லட்சணமாக இருக்காது. சட்டியின் சூடு அப்போதுதான் நிலைக்கு வருகிறது; முதல் தோசையின் கதைதான். அதை அடுப்படியில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஈட்டைத் தொடங்குங்கள்.

வெளியே நிறம் வந்து உள்ளே பச்சையாக நின்றால் தீ அதிகம், வேறு காரணம் தேட வேண்டாம். உள்ளே கனமாகப் பிசுபிசுப்பாக இருந்தால் நுரை உடையும்படி கலக்கியிருக்கிறீர்கள், அல்லது சோடா சேர்த்த மாவு நெடுநேரம் காத்திருந்திருக்கிறது. கடைசி ஈடுகள் முதலில் வந்ததைவிடச் சற்று அடர்த்தியாக வருவது இயல்பு. ஆள் குறைவு என்றால் பாதி அளவு மட்டும் கலக்குங்கள்.

ஆப்பிள் வைப்பதானால்

பழைய முறையில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஆப்பிள் துண்டு இருந்தது. இன்று டென்மார்க்கில் விற்பதில் பெரும்பாலும் ஆப்பிள் கிடையாது. வீட்டில் செய்யும்போது வைக்காமல் விடுவானேன்? புளிப்பான ஆப்பிளாகப் பாருங்கள். நம் கடைகளில் பச்சை ஆப்பிள் பொருத்தம். தோல் சீவி ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரையுடன் மூன்று நான்கு நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் துண்டைச் சுற்றியுள்ள மாவு வேகாமல் ஈரமாக நிற்கும்.

மாவை ஊற்றியதும் ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒன்றிரண்டு துண்டை வைத்து லேசாக அமுக்குங்கள். ஆப்பிள் இடம் பிடிக்கும் என்பதால் மாவைச் சற்றுக் குறைத்து ஊற்ற வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் சர்க்கரை கருகி உருண்டை சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். ஜாமையும் உள்ளே வைக்கலாமா என்றால், அமெரிக்காவில் சாக்லேட், சீஸ் வரை எதையெதையோ வைக்கிறார்கள். டேனியர் குடியேறி 1911இல் உருவாக்கிய கலிஃபோர்னியாவின் சோல்வாங் ஊரில் ஏப்ளஸ்கீவர் வருடம் முழுக்கக் கிடைக்கும். அங்கும் ஜாமும் சர்க்கரைப் பொடியும் மேலேதான்.

ஈஸ்ட் சேர்க்கும் முறை

சோடாவுக்குப் பதில் ஈஸ்ட் சேர்ப்பதும் பழைய வழக்கம். அதில் ரொட்டியின் மணம் வரும், உருண்டை சற்று இழுவையாக இருக்கும். 250 கிராம் மைதாவுக்கு 7 கிராம் உலர் ஈஸ்ட், மோருக்குப் பதில் 350 மில்லி வெதுவெதுப்பான பால். முட்டையைப் பிரிக்க வேண்டாம், சோடா வேண்டாம். மற்றவை அப்படியே. மூடி வைத்து, மாவு பொங்கி மேலே குமிழ் நிற்கும்வரை முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் காத்திருங்கள். நம் வெயிலில் அதற்கு முன்பே பொங்கிவிடலாம், கண் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கிய மாவை மறுபடி அடித்துக் கலக்காமல் அப்படியே மொண்டு ஊற்றுங்கள்.

பரிமாறுவது

வெந்ததும் ஒரு தட்டில் துணி விரித்து அடுக்கி மூடி வைக்கலாம். எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் 100 டிகிரி செல்சியஸ் அவனில் அரை மணி வரை காத்திருக்கும்.

சர்க்கரைப் பொடியைக் கடையில் தேட வேண்டாம். மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் போதும். ஜாம் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி இரண்டும் வழக்கம். நம் கடைகளில் கிடைக்கும் கலப்புப் பழ ஜாம் வெறும் இனிப்பு. இதற்கு ஒரு புளிப்பு தேவை. ஸ்ட்ராபெர்ரி கிடைக்கும் காலத்தில் 250 கிராம் பழத்தை நறுக்கி, 100 கிராம் சர்க்கரையும் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் ஜாம் தயார். ஆறினால் கெட்டிப்படும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். நெல்லிக்காய் ஜாம் பொருந்துமா என்றால், என் நாக்குக்குப் பொருந்துகிறது; டேனியர் என்ன சொல்வார்களோ.

உருண்டையைப் பிய்த்து முதலில் ஜாமில், பிறகு சர்க்கரையில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கையால்தான். க்ளொக் வேண்டாதவர்களுக்கு, திராட்சைச் சாற்றில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், உலர்திராட்சை போட்டுக் கொதிக்காமல் சூடாக்கி, சீவிய பாதாம் தூவிக் கொடுங்கள். காபியும் நன்றாகவே சேரும்.

மீந்ததை முழுதாக ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இறுகியபின் பையில் போட்டால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், தோல் நமுத்துவிடும். 180 டிகிரி அவனில் எட்டுப் பத்து நிமிடம், அல்லது ஏர் ஃப்ரையரில் ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் அதே சட்டியில் துளி நெய் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் சுழற்றி எடுங்கள்.